டிஷ்வாஷர் கரண்டை இழுக்குமா? வாங்குமுன் எழும் கேள்விகள்

டிஷ்வாஷர் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது விலையை. அடுத்த கேள்வி, "கரண்ட் பில் எகிறிவிடாதா?" கடைக்காரர் இயந்திரத்தில் ஒட்டிய மின்சிக்கன முத்திரையின் நட்சத்திரத்தையோ எழுத்தையோ காட்டி "இதுதான் சிக்கனம்" என்பார். அந்த எழுத்து எதை அளந்து கொடுத்தது, நம் வீட்டில் அது எவ்வளவு உண்மையாகும் என்பதை அவர் சொல்வதில்லை. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

டிஷ்வாஷரில் கரண்ட் எங்கே போகிறது?

பெரும்பகுதி தண்ணீரைச் சூடாக்குவதில் போகிறது. மோட்டார், விளக்கு, திரை எல்லாம் சில்லறைச் செலவு.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 1.16 வாட்-மணி வேண்டும். எந்த நிறுவனமும் பேரம் பேச முடியாத இயற்பியல் கணக்கு இது. இயந்திரம் ஒரு முறைக்கு உள்ளே எடுக்கும் தண்ணீர் சுமார் 4 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதை 25 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குக் கொண்டுவர 116 வாட்-மணி ஆகும். 65 டிகிரி வரை ஏற்றினால் 186. இதோடு உள்ளே இருக்கும் தட்டுகளும் இரும்புச் சட்டங்களும் எஃகுத் தொட்டியும் சேர்ந்து சூடாக வேண்டும். பெரும்பாலான சுற்றுகளில் முக்கியக் கழுவலுக்கு ஒரு முறை, கடைசி அலசலுக்கு ஒரு முறை என இரண்டு தடவை தண்ணீர் சூடாகிறது. இடையில் வரும் அலசல்கள் பெரும்பாலும் பச்சைத் தண்ணீரில்தான்.

ஆகவே சிக்கனமான இயந்திரம் என்றால் குறைந்த தண்ணீரை, குறைந்த சூட்டில், குறைந்த தடவை சூடாக்குவது. விளம்பரங்களில் வரும் மற்ற வித்தைகளில் பாதி இதைத்தான் வேறு பெயரில் சொல்கின்றன.

இகோ என்னும் சிக்கனச் சுற்று மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறதே, அதிக நேரம் ஓடினால் அதிகக் கரண்ட் ஆகாதா?

ஆகாது. எல்லோரும் முதலில் சந்தேகப்படும் இடம் இது.

ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவனத்தில் வேதியியலாளராக இருந்த ஹெர்பர்ட் சின்னர் 1959-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். எதைக் கழுவினாலும் நான்கு காரணிகள் சேர்ந்துதான் அழுக்கை எடுக்கின்றன: சூடு, நேரம், சோப்பின் வேதியியல், தேய்ப்பு அல்லது தெளிப்பின் விசை. ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்டி ஈடுசெய்ய வேண்டும். கையால் கழுவும்போது நாமும் இதைத்தான் செய்கிறோம். அடிப்பிடித்த பாத்திரத்தை உடனே சுரண்டினால் கை வலிக்கும். ஊறப்போட்டுவிட்டு வந்தால் தானே கழன்று வரும்.

இகோ சுற்று சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டுகிறது. ஹீட்டர் ஓடும்போது சுமார் 2000 வாட் இழுக்கும். தண்ணீரைச் சுற்றவைக்கும் பம்ப்போ நவீன இயந்திரங்களில் நூறு வாட்டுக்குள் அடங்கிவிடும். 50 வாட் பம்ப் ஒன்று மூன்று மணி நேரம் ஓடினாலும் 150 வாட்-மணிதான். அதே அளவை ஹீட்டர் ஐந்து நிமிடத்துக்குள் தின்றுவிடும்.

அதனால்தான் "ஒரு மணி நேரத்தில் முடியும்" என்ற வேகச் சுற்றுகள் இகோவை விடக் கணிசமாக அதிகம் செலவழிக்கின்றன. நேரம் குறைந்ததை அவை சூட்டால் ஈடுகட்டியாக வேண்டும். அரை மணி நேரச் சுற்று வேறு வகை. லேசான அழுக்குக்கு மட்டும் ஏற்றது, பாத்திரம் ஈரமாகவே வரும்.

கையால் கழுவுவதை விட இது சிக்கனமா?

நேர்மையான பதில்: நீங்கள் எப்படிக் கையால் கழுவுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுபவர் என்றால் இயந்திரம் தெளிவாக வெல்லும். சமையலறைக் குழாய் நிமிடத்துக்கு 6 முதல் 10 லிட்டர் வரை விடும். பத்து நிமிடம் ஓடினால் 60 முதல் 100 லிட்டர். இன்றைய இயந்திரம் ஒரு முழுச் சுமைக்கு 9 முதல் 12 லிட்டரில் முடித்துவிடும். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஒப்பீடும் குழாயை ஓடவிட்டுக் கழுவுவதை விட இயந்திரமே மேல் என்றது. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. ஒரு தொட்டியில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் அலசும் தண்ணீர் என்று வைத்துக் கழுவும் முறைதான் எல்லாவற்றிலும் குறைந்த மாசு உண்டாக்கியது. விளம்பரங்களில் இந்த இரண்டாம் பாதியைப் பார்க்க முடியாது.

பச்சைத் தண்ணீரிலேயே கழுவும் வீட்டில் இயந்திரம் வந்தால் கரண்ட் கூடத்தான் செய்யும், ஏனெனில் அதுவரை சூடாக்கும் செலவே இல்லை. அங்கே மிச்சமாவது தண்ணீரும் நேரமும் இடுப்புவலியும்தான். அவையும் பெரிய லாபம். அதைக் கரண்ட் மிச்சம் என்று சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

முத்திரையில் எதைப் பார்க்க வேண்டும்?

எழுத்தை அல்லது நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிடாதீர்கள். அதன் கீழே இருக்கும் எண்களைப் படியுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச் 1 முதல் பழைய ஏ பிளஸ், ஏ பிளஸ் பிளஸ் கூத்தையெல்லாம் கைவிட்டு, ஏ முதல் ஜி வரை புதிய அளவுகோலைக் கொண்டுவந்தது. பழைய முத்திரையில் மூன்று பிளஸ் வாங்கியிருந்த இயந்திரம் புதியதில் டி, ஈ என்று இறங்கி நிற்கலாம். இயந்திரம் கெட்டுப்போகவில்லை, அளவுகோல்தான் கடுமையானது. எனவே பழைய முத்திரையையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள்.

அந்த முத்திரையில் இகோ சுற்றை 100 முறை ஓட்டினால் எத்தனை யூனிட் என்று இருக்கும். ஒரு சுற்றுக்கு எத்தனை லிட்டர், எத்தனை செட் பாத்திரம் (ஒருவர் சாப்பிடும் பாத்திரத் தொகுப்பு ஒரு செட்), சுற்று எவ்வளவு நேரம், சத்தம் எத்தனை டெசிபெல் என்பவையும் இருக்கும். 14 செட் இயந்திரம் ஒன்றில் ஏ என்றால் 100 சுற்றுக்கு 55 யூனிட்டை ஒட்டியும், ஈ என்றால் 95-ஐ ஒட்டியும் வரும்.

அமெரிக்க முறை வேறு. அங்கே ஓர் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று எழுதுவார்கள். 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த எனர்ஜி ஸ்டார் என்னும் மின்சிக்கனச் சான்றின் வரம்பு முழு அளவு இயந்திரத்துக்கு ஆண்டுக்கு 240 யூனிட், ஒரு சுற்றுக்கு 3.2 கேலன், அதாவது சுமார் 12 லிட்டர். அது ஆண்டுக்கு 215 சுற்று என்ற கணக்கில் அமைந்தது. அங்கே இயந்திரங்கள் வெந்நீர் இணைப்பில் ஓடுவதால் அந்த வெந்நீரைச் சூடாக்கிய செலவும் எண்ணில் சேர்ந்திருக்கும். ஐரோப்பிய எண்ணையும் அமெரிக்க எண்ணையும் நேருக்கு நேர் வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

இன்னொரு சங்கதி. ஐரோப்பியச் சோதனையில் உள்ளே வரும் தண்ணீர் 15 டிகிரி. உங்கள் குழாயில் 28 டிகிரித் தண்ணீர் வந்தால் ஹீட்டருக்கு அந்த 13 டிகிரி வேலை மிச்சம். முத்திரையில் போட்டதை விடக் கொஞ்சம் குறைவாகவே செலவாகும். பனிப்பிரதேசமானால் நேர்மாறு.

விலை கூடிய 'ஏ' வாங்கினால் போட்ட பணம் திரும்புமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. இரண்டு இயந்திரங்களின் 100 சுற்று யூனிட் வித்தியாசத்தை எடுங்கள். அதை 100-ஆல் வகுத்து, நீங்கள் ஓர் ஆண்டில் ஓட்டப்போகும் சுற்றுகளால் பெருக்குங்கள். வருவது ஆண்டு மிச்சம். அதை உங்கள் யூனிட் கட்டணத்தால் பெருக்கினால் பணம்.

95-க்கும் 55-க்கும் வித்தியாசம் 40. ஆண்டுக்கு 280 சுற்று ஓட்டினால் 112 யூனிட் மிச்சம். 150 சுற்று மட்டும் ஓட்டும் சிறு குடும்பத்துக்கு 60 யூனிட். இந்தப் பணத்தைப் பத்தாண்டுக்குப் பெருக்கி, விலை வித்தியாசத்தோடு ஒப்பிடுங்கள். கரண்ட் மலிவான ஊரில், குறைவாக ஓட்டும் வீட்டில், மிக உயர்ந்த எழுத்து தன் விலையை மீட்காமலே போகலாம். நடு எழுத்தில், நல்ல பாகங்களோடு, சரியான அளவில் இருக்கும் இயந்திரம்தான் பலருக்கும் லாபம் என்பது என் கருத்து.

எத்தனை செட் வாங்குவது?

இதில் தவறினால் மற்ற கணக்கெல்லாம் வீண்.

செட் என்பது ஒருவர் சாப்பிடப் பயன்படுத்தும் தட்டுகள், கிண்ணம், கோப்பை, கண்ணாடிக் குவளை, கரண்டிகள் சேர்ந்த தொகுப்பு. மேசைமேல் வைக்கும் சிறிய இயந்திரத்தில் பொதுவாக 6 செட், 45 சென்டிமீட்டர் அகல ஒல்லி இயந்திரத்தில் 9 முதல் 11, 60 சென்டிமீட்டர் அகலத்தில் 12 முதல் 16. ஆனால் நம் பாத்திரங்கள் சோதனைக்கூடத்துத் தட்டுகள் போல வரிசையாக உட்காருவதில்லை. பெரிய சமையல் பாத்திரம் நாலு கவிழ்த்தாலே கீழ் அடுக்கு நிறைந்துவிடும். அதனால் கடைக்குப் போகும்போது வீட்டின் மிகப் பெரிய பாத்திரத்தின் விட்டத்தையும் உயரத்தையும் அளந்து குறித்துக்கொண்டு போங்கள். மேல் அடுக்கை ஏற்றி இறக்க முடிகிறதா, கீழ் அடுக்கின் கம்பிகள் மடங்குகின்றனவா என்று கையால் இழுத்துப் பாருங்கள். விற்பனையாளர் முறைத்தால் முறைக்கட்டும்.

ஒரு சூட்சுமமும் உண்டு. எழுத்து வழங்குவது இயந்திரத்தின் அளவை வைத்து. பெரிய இயந்திரம் நல்ல எழுத்து வாங்கியிருந்தும் ஒரு சுற்றுக்குச் சிறியதை விட அதிக யூனிட் எடுக்கலாம். தினமும் முழுதாக நிரம்பினால் பெரியதே லாபம். பாதி காலியாக ஓட்டினால் காற்றைக் கழுவக் காசு கொடுக்கிறோம். நான் முதலில் வாங்கியது தேவைக்கு மிஞ்சியது. "விருந்தாளி வந்தால் உதவுமே" என்று வாங்கினேன். விருந்தாளி ஆண்டுக்கு நாலு தடவை வந்தார்கள், இயந்திரம் மீதி நாளெல்லாம் அரைகுறையாக ஓடியது.

'பாதிச் சுமை' பொத்தான் இருந்தால் பாதிக் கரண்ட்தானே?

இல்லை. தொட்டி, கதவு, சட்டங்கள் எல்லாம் அதே அளவுதான் சூடாகின்றன, தண்ணீரும் பாதியாகக் குறைவதில்லை. கொஞ்சம் மிச்சமாகும், அவ்வளவே. இரண்டு பாதிச் சுமையை விட ஒரு முழுச் சுமை எப்போதும் மலிவு. பாத்திரம் சேரும்வரை கதவைச் சாத்தி வையுங்கள். வாடை வந்தால் குளிர்ந்த நீரில் அலசும் சுற்றை ஓட்டலாம், அதில் ஹீட்டர் எரியாது.

உள்ளே வைக்குமுன் அலச வேண்டுமா?

வேண்டாம். மிச்சம் மீதியை வழித்துக் கொட்டினால் போதும். பல இயந்திரங்களில் தண்ணீரின் கலங்கலை ஒளியால் அளக்கும் சென்சார் உண்டு. அலசிச் சுத்தமாக்கி வைத்தால் தானியங்கிச் சுற்று "அழுக்கே இல்லை" என்று நினைத்து இளைப்பாறிவிடும். பிடித்திருக்கும் பிசுக்கு அப்படியே நிற்கும். தூளிலும் மாத்திரையிலும் உள்ள நொதிகள் புரதத்தையும் மாவுச்சத்தையும் உடைக்கத்தான் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் வேலையை நாம் வெந்நீர்க் குழாயடியில் செய்தால் இரட்டைச் செலவு.

உலர்த்தும் முறையில் என்ன வித்தியாசம்?

ஹீட்டரால் காற்றைச் சூடாக்கி உலர்த்தும் இயந்திரங்கள் அதற்கென்று தனியாகக் கரண்ட் எடுக்கும். அந்த வசதி இருந்தால் அணைத்துவைக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். மீந்த சூட்டிலேயே உலர்த்தும் முறையில் கடைசி அலசலின் வெப்பம் பாத்திரத்தில் தங்கி, ஈரம் ஆவியாகி, குளிர்ந்த எஃகுச் சுவரில் படிந்து வடிந்துவிடும். இதற்குக் கூடுதல் கரண்ட் கிட்டத்தட்ட இல்லை. கண்ணாடியும் பீங்கானும் நன்றாகக் காயும். பிளாஸ்டிக் சூட்டைத் தேக்கிவைக்காது, அதனால்தான் டப்பாக்கள் எப்போதும் ஈரத்தோடு வருகின்றன. இயந்திரத்தின் பழுது அல்ல அது.

சுற்று முடிந்ததும் கதவு தானாகக் கொஞ்சம் திறக்கும் மாதிரிகள் எனக்குப் பிடித்தவை. எளிமையான வித்தை, நல்ல பலன். மேலே மரப்பலகை இருந்தால் நீராவி படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜியோலைட் என்னும் கனிமத்தை வைத்து உலர்த்தும் வகையும் உண்டு. ஈரத்தை உறிஞ்சும்போது அது வெப்பத்தை வெளியிடும், அடுத்த கழுவலின்போது சூடாக்கப்பட்டு மறுபடி தயாராகும். திறமையானது, விலையும் அதற்கேற்ப.

வெந்நீர்க் குழாயில் இணைத்தால் மிச்சமா?

அந்த வெந்நீர் எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி. கூரைமேல் சூரிய வெந்நீர்க் கலன் இருந்து, சமையலறைக்குக் குழாய் தூரம் குறைவாக இருந்தால் இணைப்பது லாபம். மின்சார கீசரில் சூடான தண்ணீரைக் கொடுத்தால் ஒரு மீட்டரிலிருந்து இன்னொன்றுக்குச் செலவை மாற்றவில்லை, அதே மீட்டர்தான். போதாததற்கு நீண்ட குழாயில் நிற்கும் ஆறிய தண்ணீர் முதலில் வரும், இயந்திரம் எடுக்கும் 4 லிட்டரில் பாதி அதுவாகவே இருக்கலாம். பச்சைத் தண்ணீரில் நடக்க வேண்டிய அலசல்களும் வெந்நீரைத் தின்னும். பல இயந்திரங்கள் 60 டிகிரி வரைதான் ஏற்கும், சில வெந்நீரையே ஏற்காது. கையேட்டைப் பார்க்காமல் பிளம்பரை அழைக்காதீர்கள்.

மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் போதுமா?

பல மாதிரிகள் குறைந்தது 0.5 பார் அழுத்தம் கேட்கும். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் கிட்டத்தட்ட 1 பார். தொட்டியின் நீர்மட்டம் இயந்திரத்தின் வாயிலிலிருந்து மூன்று மீட்டர் உயரத்தில் இருந்தால் 0.3 பார்தான் கிடைக்கும். தண்ணீர் மெதுவாக ஏறும், இயந்திரம் பிழை காட்டி நின்றுவிடலாம். மேல்தளத்தில் குடியிருப்பவர்கள் இதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். சிலவற்றுக்கு 0.3 பாரே போதும், சில வீடுகளில் சிறிய அழுத்த பம்ப் தேவைப்படும்.

தண்ணீர் உப்பாக, கடினமாக இருந்தால்?

சுண்ணாம்பு ஹீட்டரில் படிந்தால் சூடு தண்ணீருக்குப் போவது தடைபடும், ஹீட்டரின் ஆயுளும் குறையும். ஆகவே உள்ளேயே மென்னீராக்கி இருக்கும் மாதிரியை வாங்குங்கள். அதிலுள்ள பிசின் மணிகள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். மணிகள் நிறைந்ததும் உப்புக்கரைசல் அவற்றைக் கழுவிப் புதுப்பிக்கும். இதற்கென விற்கும் பரல் உப்பையே போட வேண்டும். சமையல் தூள் உப்பு வேண்டாம், அதில் கட்டி சேராமலிருக்கக் கலக்கும் பொருட்கள் இருக்கும்.

பலர் தவறவிடுவது அளவமைப்பை. தண்ணீரின் கடினத்தன்மையைச் சோதனைப் பட்டையால் பார்த்து இயந்திரத்தில் அமைக்க வேண்டும். தேவைக்கு அதிகமாக வைத்தால் உப்பும் தண்ணீரும் வீணாகும். குறைவாக வைத்தால் கண்ணாடியில் வெள்ளைப் படலம்.

வைஃபை, செயலி எல்லாம் தேவையா?

இரவில் கரண்ட் மலிவு என்றால் தாமதத் தொடக்கம் உதவும். அதற்கு வைஃபை வேண்டாம், ஒரு பொத்தான் போதும். சூரியப் பலகை வைத்திருப்பவர்கள் பகலில் ஓட்டலாம். ஆனால் ஹீட்டர் எரியும் நேரத்தில் 2000 வாட் தேவைப்படும் என்பதால் சிறிய வீட்டு இன்வெர்ட்டரை நம்பி ஓட்டாதீர்கள்.

எப்போதும் இகோவிலேயே ஓட்டினால் இயந்திரம் கெடுமா?

கெடாது, கொழுப்பு சேரும். குறைந்த சூட்டில் உருகாத பிசுக்கு வடிகட்டியிலும் குழாயிலும் ஒட்டிக்கொள்ளும். மாதம் ஒருமுறை 65 அல்லது 70 டிகிரிச் சுற்று ஒன்று ஓட்டுங்கள். வடிகட்டியை வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள், தெளிப்புக் கைகளின் துளைகளைக் குச்சியால் குத்தி விடுங்கள். அடைத்த துளையோடு ஓடும் இயந்திரம் சரியாகக் கழுவாது, இரண்டாம் முறை ஓட்ட வைக்கும். அங்கேதான் சிக்கனம் போய்விடுகிறது.

பழைய இயந்திரத்தை மாற்றலாமா, ரிப்பேர் செய்யலாமா?

பம்ப், வடிகால் குழாய், கதவு ரப்பர் போன்றவை போயிருந்தால் ரிப்பேரே நல்லது. தொட்டி ஓட்டையாகிவிட்டது, அல்லது ஒரு சுற்றுக்கு 20 லிட்டருக்கு மேல் குடிக்கும் பழசு என்றால் மாற்றுவதில் அர்த்தமுண்டு. மேலே சொன்ன யூனிட் கணக்கையே பழையதற்கும் புதியதற்கும் போட்டுப் பாருங்கள். பிளக்கில் செருகும் சிறிய மின்னளவி ஒன்று இருந்தால் பழையது உண்மையில் எவ்வளவு எடுக்கிறது என்பது ஒரே சுற்றில் தெரிந்துவிடும். அளவி 2000 வாட்டுக்கு மேல் தாங்கக்கூடியதா என்று பார்த்து வாங்குங்கள்.

புதியது வாங்கும்போது உதிரிபாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஒரு மாதிரியின் விற்பனை நின்ற பிறகும் பம்ப், ஹீட்டர் போன்றவை 7 ஆண்டுகளும், கதவுக் கீல், ரப்பர், தெளிப்புக் கை, அடுக்கு போன்றவை 10 ஆண்டுகளும் கிடைத்தாக வேண்டும். அத்தகைய விதி இல்லாத இடத்தில் விற்பவர் வாய்மொழியாகச் சொல்வதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். அடுத்த தெருவில் அதே இயந்திரத்தை ஐந்தாறு ஆண்டாக ஓட்டுபவர் யாராவது இருந்தால், அவரிடம் பம்ப் மாற்ற எத்தனை நாள் ஆனது என்று கேட்டுப் பாருங்கள்.